இட்டூப்பு ஆசானின் மருமகன்

அவிராச்சன் எங்கள் தோணிப்பாறைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவன். இந்த மலையில் அப்படி வந்தவனுக்குத் தனிப்பெயர் கிடையாது. "யாருடா அது?" என்று கேட்டால் "இட்டூப்பு ஆசானோட மருமகன்" என்பார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்தும் ரேஷன் கடையிலும் சர்ச்சிலும் அவனுக்கு அதுதான் பெயர். கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயரை நானும் அவன் மனைவியும்தான் ஞாபகம் வைத்திருந்தோம்.

அவன் ஊர் கீழே குட்டநாட்டில், தண்ணீருக்கு நடுவே. அப்பா வள்ளம் என்கிற படகுகளுக்கு மோட்டார் பழுது பார்த்தவர். மேடு, பள்ளம் என்ற பேச்சுக்கே இடமில்லாத ஊர் அது. இங்கே வந்த புதிதில் அவன் என் தையல்கடைப் படியில் உட்கார்ந்து, "வீடே சாஞ்சு எங்கேயோ போற மாதிரி இருக்கு அண்ணாச்சி. ராத்திரி கட்டிலைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கிறேன்" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். போடியிலிருந்து மலையேறி வந்த எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பழகிவிட்டது. அவனுக்குப் பழகவில்லை.

இட்டூப்பு ஆசானுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் ரோசக்குட்டி. சின்ன வயதில் அவள் ஆசானின் வண்டிப் பட்டறையிலேயே கிடந்தவள். ஸ்பேனரைக் கையால் தடவியே அளவு சொல்வாள். பெரிய பெண்ணானதும், "பொம்பளைக்கு இங்க என்ன வேலை?" என்று ஆசான் அவளை வாசலோடு நிறுத்திவிட்டார். பட்டறைக்கு ஓர் ஆண் வேண்டும், மகளும் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று அவர் தேடிப்பிடித்த ஆள்தான் அவிராச்சன்.

மலையேறும் வண்டியில் பிரேக்குக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது பெல்ட். என்ஜினுக்கு முன்னால் ஓடும் அந்தக் கறுப்பு ரப்பர் பட்டைதான் விசிறியைச் சுற்றும், தண்ணீர் பம்பைச் சுற்றும், பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் டைனமோவைச் சுற்றும். ஏற்றத்தில் அது நழுவினால் ரேடியேட்டர் கொதித்து வண்டி நடுவழியில் நின்றுவிடும். இட்டூப்பு ஆசான் இந்த வேலையில் பேர்போனவர். டார்ச் விளக்கைப் பிடித்து, பெல்ட்டைப் புரட்டி, உள்பக்கம் வெடிப்பு ஓடியிருக்கிறதா என்று பார்ப்பார். பக்கவாட்டில் கண்ணாடி மாதிரிப் பளபளத்தால் கழற்றி எறியச் சொல்வார். கடைசியில் பெல்ட் ஓடும் இரண்டு புல்லிச் சக்கரங்களுக்கு நடுவே கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அரை அங்குலம் இறங்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

"தளர்ந்த பெல்ட்டு கத்தும், ஊருக்கே தெரியும். இறுகின பெல்ட்டு கத்தாது. சத்தமில்லாம பேரிங்கைத் தின்னுரும்" என்பார்.

அவிராச்சன் கெட்டிக்காரன்தான். கம்பியால் டைனமோவை நெம்பி வெளியே தள்ளி, பெல்ட் இறுகியதும் போல்ட்டை முடுக்குவதில் அவனுக்குத் தடுமாற்றமே கிடையாது. ஆனால் அவன் முடித்துக் கையைத் துடைக்கும்போது ஆசான் எழுந்து வருவார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. "ம்ஹூம்" என்று ஒரு சத்தம். பிறகு அவரே போல்ட்டைத் தளர்த்தி, திரும்ப நெம்பி, திரும்ப முடுக்குவார். வண்டிக்காரன் எதிரிலேயே நடக்கும் இது. எனக்குத் தெரிந்து பெல்ட் இருந்த இடம் மயிரிழைகூட மாறியிருக்காது.

டாக்சி ஓட்டும் தேவஸ்யாவுக்கு இதைப் பார்ப்பதில் தனிச் சந்தோஷம். "ஆசானே, மாப்ள கட்டின தாலியையாவது அப்படியே விட்டீங்களா, இல்ல அதையும் அவுத்து நீங்களே கட்டினீங்களா?" என்று கேட்டு அவனே சிரிப்பான். ஆசானும் சிரிப்பார். அவிராச்சன் பழைய பெல்ட்டைச் சுருட்டிக் கொண்டுபோய் மூலையில் போடுவான்.

"ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? வீடு அவரோடது, பட்டறை அவரோடது. சாப்பிடுற கப்பக்கிழங்கு அவர் நட்டது. சண்டை போட்டா மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டு உட்காரக்கூட எனக்குன்னு ஒரு திண்டு கிடையாது அண்ணாச்சி."

அப்படி இருக்கும்போதுதான் ஆசானுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு மழைக்காலக் காலையில் பல் தேய்க்கும்போதே விழுந்தார். வலக்கை, வலக்கால் போயிற்று, பேச்சும் போயிற்று. "ஆ, ஆ" என்ற சத்தம் மட்டும் மிஞ்சியது. சொல்வது புரிகிறதா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, "சில நேரம் புரியலாம், சில நேரம் புரியாமலும் இருக்கலாம்" என்றார். வீட்டுக்குள் படுக்கவைத்தால் கத்தித் தீர்த்தார். அதனால் தினமும் காலையில் பட்டறை முகப்பில், சாலையைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். சரிந்து விழாமலிருக்க ரோசக்குட்டி அவர் இடுப்பைச் சுற்றிப் பழைய வேட்டியால் நாற்காலியோடு கட்டுவாள். இடக்கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்துவிடுவாள். நாய் வந்தால் விரட்ட.

இனி அவிராச்சனுக்கு நிம்மதியாக மூச்சு வரும் என்று நாங்கள் நினைத்தோம். வரவில்லை. அவன் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம் முதுகில் அந்தக் கண்கள் இருந்தன. பெல்ட்டை முடுக்கி நிமிரும்போது ஆசானின் இடது கட்டைவிரல் ஊன்றுகோலின் மேல் அழுந்தி அழுந்தி எழுவதை நானே பார்த்திருக்கிறேன். "முன்னாடியாவது எழுந்து வந்து அவுத்துத் தொலைப்பாரு. இப்ப மனசுலயே அவுக்குறாரு" என்றான் அவிராச்சன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கனாச்சேரியிலிருந்து அவனுடைய பழைய கூட்டாளி ஒருவன் கூப்பிட்டான். மெயின் ரோட்டில், சமதரையில், இரண்டு பேரும் பங்கு போட்டு ஒரு பட்டறை. பக்கத்திலேயே வாடகைக்கு வீடு. ரோசக்குட்டி கேட்டதுமே சரி என்றாள். "அப்பச்சனையும் கூட்டிக்கிட்டுப் போலாம். அங்க டாக்டரும் பக்கம். நம்ம மகளையும் நல்ல ஸ்கூல்ல சேர்க்கலாம். நான் ஒருத்தி இந்த மேட்டை விட்டு இறங்கினதே இல்ல இச்சாயா" என்றாளாம். பெருநாள் முடிந்ததும் கிளம்புவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். ஆசானிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி.

பெருநாள் என்றால் எங்கள் சர்ச்சுப் புனிதர் செபஸ்தியானோஸ் புண்ணியவாளனின் திருவிழா. ஊரே சர்ச்சில் இருக்கும். ஆசானைத் தனியே விட முடியாது என்பதால் அன்று அவிராச்சன் வீட்டில் தங்கினான். ரோசக்குட்டி மகளோடு பிரதட்சிண ஊர்வலத்துக்குப் போனாள். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். சாமி வேறென்றாலும் விருந்துக்குப் போடும் எருமைப் போத்துக்கறி ஒன்றுதானே.

தேவஸ்யா தன் பழைய வெள்ளைக் காரைப் பட்டறையில் விட்டிருந்தான். மறுநாள் அவனுக்கு விமான நிலையத்துக்குச் சவாரி இருந்தது. ஏற்றத்தில் பெல்ட் கீச்சென்று கத்துகிறது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தான். பட்டறை முற்றம் சாலையை நோக்கிச் சரிந்த இடம். கார் மூக்கைச் சாலைப் பக்கம் நீட்டி நின்றது. அதற்குக் கீழே ஒரு பக்கமாக, அதைப் பார்த்தபடி ஆசானின் நாற்காலி. அதன் கைப்பிரேக் பேருக்குத்தான். அதனால் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னால் ஒரு கல்லையும் வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லா வண்டியும் அப்படித்தான் நிற்கும்.

அவிராச்சன் பழைய பெல்ட்டைக் கழற்றினான். உள்பக்கமெல்லாம் வெடித்துக் கிடந்தது. புதியதை மாட்டி, டைனமோவை நெம்பி, போல்ட்டை முடுக்கினான். ஸ்பேனரை மட்கார்டு மேல் வைத்துவிட்டு, பெல்ட் புல்லியின் பள்ளத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று விரல்களை அடியில் விட்டுத் தடவினான். அப்போது நிமிர்ந்து பார்த்தான். ஆசான் நாற்காலியிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனுக்கு என்ன தோன்றியதோ, பேச ஆரம்பித்தான். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக மாமனார் முகத்துக்கு நேரே.

"அப்பச்சா, நாங்க இங்கிருந்து போறோம். சங்கனாச்சேரிக்கு. உங்க மகளும்தான் சொன்னா, போலாம்னு. உங்களையும் தூக்கிட்டுத்தான் போவோம், பயப்படாதீங்க. ஆனா அங்க நான் கட்டுற பெல்ட்டை எவனும் அவுக்க மாட்டான். கேக்குதா? எவனும் அவுக்க மாட்டான்."

ஆசானின் முகத்தில் எதுவும் அசையவில்லை. அவிராச்சனுக்கு மனசு லேசாயிற்றாம். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முந்தின நாள் மழையில் ஊறியிருந்த மண்ணில் சக்கரத்துக் கல் வழுக்கியது.

கார் ஒரு சாண்தான் நகர்ந்தது. முன்னால் புதைந்திருந்த பாறையில் முட்டி நின்றுவிட்டது. ஆனால் கியரில் இருந்த வண்டி. சக்கரம் ஒரு சாண் உருண்டால் உள்ளே என்ஜின் முழுச் சுற்றுக்கு மேலே சுற்றிவிடும். பெல்ட் ஓடியது. அவிராச்சனின் வலக்கை விரல்களையும் இழுத்துக்கொண்டு புல்லிக்கு அடியில் போய் நின்றது.

முதலில் வலியே தெரியவில்லை என்றான். கையை உருவப் பார்த்தான், வரவில்லை. பெல்ட்டைப் பின்னால் இழுத்தான், அசையவில்லை. காரின் முழுக் கனமும் சரிவில் அழுத்தி, அந்தப் பெல்ட்டை அந்த இடத்திலேயே பிடித்துவைத்திருந்தது. முழங்காலால் பம்பரைத் தள்ளிப் பார்த்தான். ஒரு ஆள் தள்ளி மேட்டில் ஏறுகிற வண்டியா அது? தள்ளும்போது இன்னொன்றும் புரிந்தது. பாறையும் வழுக்கினால் கார் அவன் மேலேயேதான் வரும். விலகி ஓடவும் முடியாது.

பிறகு வலி வந்தது.

டைனமோ போல்ட்டைத் தளர்த்தினால் போதும், பெல்ட் தொய்ந்துவிடும். இடக்கைக்கு எட்டும் இடத்தில்தான் போல்ட் இருந்தது. ஆனால் ஸ்பேனர்? கார் குலுங்கியதில் மட்கார்டிலிருந்து விழுந்து, சரிவில் வழுக்கி, ஆசானின் நாற்காலிக் காலில் முட்டிக் கிடந்தது.

"ஆரேனும் உண்டோ!" என்று அவன் போட்ட கூச்சலுக்குப் பதிலாக மலைக்குக் கீழே சர்ச்சில் கதினா வேட்டு வெடித்தது. ஐம்பது செண்டைகள் ஒன்றாக முழங்கின. நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்குள்தான் நின்றிருந்தோம், முத்துக்குடை பார்த்துக்கொண்டு. சாலையில் ஒரு வண்டி இல்லை. பிரதட்சிணத்துக்காக எல்லாவற்றையும் கீழேயே நிறுத்தியிருந்தார்கள்.

அந்த முற்றத்தில் மிஞ்சியது இரண்டு பேர். ஒருவன் காரில் மாட்டியிருந்தான். ஒருவர் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தார்.

"அப்பச்சா, அந்த ஸ்பேனரு. கீழ பாருங்க, உங்க காலடியில. கோலால தள்ளுங்க."

ஆசான் பார்த்தார். ஸ்பேனரை அல்ல, அவனை.

"தள்ளுங்க அப்பச்சா. இடது கைதான் இருக்கே. ஒரு தள்ளு."

ஊன்றுகோல் அசைந்தது. தரையில் ஒருமுறை தட்டியது. பிறகு நின்றது. ஆசானின் வாயோரத்தில் எச்சில் வழிந்தது. அந்த முகத்தில் இருந்தது கோபமா, பயமா, ஒன்றுமே இல்லையா என்று அவனால் சொல்ல முடியவில்லை. பாதி முகம் செத்துப்போன மனுஷரிடம் எதைப் படிப்பது?

அவிராச்சன் திட்டினான். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினான். "பார்த்துக்கிட்டே இருய்யா. இதுக்குத்தானே என்னை விலைக்கு வாங்கினே? கை போனா எங்கேயும் போக மாட்டான்னு பார்க்கிறியா?" என்று கத்தினான். பிறகு அழுதான். பிறகு கெஞ்சினான். விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. பெல்ட்டின் ஓரத்திலிருந்து ரத்தம் ரேடியேட்டர் மேல் சொட்டியது. தலை சுற்றியது. மயங்கி விழுந்தால் கை பிய்ந்துவிடும் என்று பயந்து நெற்றியை பானெட் விளிம்பில் இடித்துக்கொண்டான்.

எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. செண்டை இரண்டு தரம் ஓய்ந்து இரண்டு தரம் ஏறியது என்றான்.

கடைசியில் அவன் சொன்னது இதுதான்: "அப்பச்சா, நான் போகல. புண்ணியவாளன் சத்தியமா போகல. உங்க பட்டறையிலேயே கிடக்குறேன். சாகுற வரைக்கும் இங்கேயே கிடக்குறேன். தள்ளிவிடுங்க."

கோல் எழுந்தது. நடுங்கிக்கொண்டே இறங்கி, ஸ்பேனரின் பக்கத்து மண்ணைக் கீறியது. மறுபடி எழுந்தது. இந்த முறை நுனி ஸ்பேனரில் மாட்டியது. ஆசான் உடம்பு முழுவதையும் இடப்பக்கம் சாய்த்து, கட்டியிருந்த வேட்டி வயிற்றை அறுக்க, தள்ளினார். ஸ்பேனர் ஒரு முழம் மேலேறியது. இன்னொரு தள்ளு. நாற்காலி சாய்ந்து, ஆசான் அதோடு சேர்ந்து பக்கவாட்டில் விழுந்தார்.

அவிராச்சன் செருப்பை உதறிவிட்டுக் காலை நீட்டினான். கால் கட்டைவிரலால் ஸ்பேனரை இழுத்து, பாதத்தில் கவ்வி, முழங்காலை மடக்கி இடக்கைக்குக் கொண்டுவந்தான். போல்ட் தளர்ந்தது. டைனமோ சரிந்தது. பெல்ட் தொய்ந்து கையை விட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் மண்ணில் கிடந்தார்கள். அவிராச்சன் கையைத் தன் வேட்டியில் சுருட்டிக்கொண்டு காருக்கு முன்னால் சாய்ந்திருந்தான். ஆசான் நாற்காலியோடு ஒருக்களித்துக் கிடந்து, "ஆ, ஆ" என்று ஒரே சத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தார். ரோசக்குட்டி யாரிடம் முதலில் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றது ஒரு நொடிதான். புருஷனிடம் ஓடினாள். நான் ஆசானைத் தூக்கி உட்காரவைத்தேன்.

"கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு விடு தேவஸ்யா!" என்றாள்.

"என் வண்டியில பெல்ட்டு அவுந்து கிடக்கே. கட்டப்பனை ஏத்தத்துல பாதியிலேயே கொதிச்சு நின்னுரும். மத்த வண்டியெல்லாம் கீழ கூட்டத்துல மாட்டிக்கிச்சு. கட்டத் தெரிஞ்ச ஆளு இவன் ஒருத்தன்தான், இவன் கிடக்குற கிடையைப் பாரு."

ரோசக்குட்டி கார் பக்கம் போனாள். பெருநாள் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். "ஏறி உட்காரு. பிரேக்கை அழுத்தி மிதி. அப்புறம் கியரை எடு. அண்ணாச்சி, நாலு சக்கரத்துக்கும் கல்லு வைங்க, பெருசா" என்றாள். சுவரில் சாய்த்திருந்த நெம்புகம்பியைப் பார்க்காமலேயே கை நீட்டி எடுத்தாள். பெல்ட்டைத் துடைத்தாள். அதில் அவள் புருஷனின் ரத்தம் இருந்தது. புரட்டிப் பார்த்தாள், புல்லியில் ஏற்றினாள், டைனமோவை நெம்பி இடுப்பால் கம்பியை அழுத்திப் பிடித்தபடியே போல்ட்டை முடுக்கினாள். கட்டைவிரலால் ஒரு அழுத்து.

நாற்காலியிலிருந்து ஆசான் சத்தம் போட்டார். அவள் திரும்பவில்லை. "வண்டியை எடு" என்றாள்.

பெல்ட் கத்தவில்லை. கட்டப்பனை வரை ஒரே ஏறலாக ஏறியது கார். "இவ்வளவு நல்லா எனக்கு யாரும் பெல்ட்டு கட்டினதில்ல" என்று தேவஸ்யா வழியெல்லாம் புலம்பினானாம். அவிராச்சன் அரை மயக்கத்திலும் அதைக் கேட்டான்.

நடுவிரலும் மோதிரவிரலும் முதல் கணுவோடு போயின. ஆட்காட்டி விரல் மடங்காமல் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் மனைவியிடம் நடந்ததைச் சொன்னான். சத்தியத்தையும் சொன்னான்.

"மாட்டின கையோட குடுத்த வாக்கெல்லாம் வாக்கா? திருடன் கழுத்துல கத்தி வெச்சுக் கேட்டா எதைத்தான் குடுக்க மாட்டோம்?" என்றாள் அவள்.

"அப்ப உங்க அப்பச்சன் திருடனா?"

"அதை எங்கிட்ட கேக்காதீங்க. அவருக்குப் புரிஞ்சுதா, கோலு மொதல்லயே எட்டலையா, யாருக்குத் தெரியும்? விழுந்தாரே. தள்ளும்போது விழுந்தாரே இச்சாயா."

இதை அவன் என்னிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறான். சில நாள் "கிழவன் கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தான்" என்பான். சில நாள் "மொதல்லேருந்தே தள்ளத்தான் பார்த்திருக்கணும் அண்ணாச்சி. இடது கையில கோலைத் திருப்புறது லேசா?" என்பான். ஒருநாள் ரோசக்குட்டி அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, "புரிஞ்சுதா அப்பச்சா, அன்னைக்கு இவரு சொன்னது?" என்று கேட்டேவிட்டாள். ஆசான் அழுதார். பக்கவாதம் வந்த பிறகு அவர் நாய்க்குட்டியைப் பார்த்தாலும் அழுவார். அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கை ஆறும்வரை பட்டறையை மூட முடியாது என்று ரோசக்குட்டி இறங்கினாள். புருஷன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்ல, அவள் செய்வாள் என்றுதான் ஆரம்பம். ஒரு வாரத்திலேயே அவன் சொல்வதற்கு முன்னால் அவள் கை போய்விடும். பெல்ட், பிரேக், கிளட்ச் எல்லாவற்றுக்கும் அவளே. ராஜாக்காட்டிலிருந்துகூட ஜீப்புகள் வந்தன. தேவஸ்யா அவளுக்கு "பெல்ட்டம்மா" என்று பெயர் வைத்தான். "அப்பன் ஒரு கட்டைவிரலால பார்த்த வேலையை இந்தப் பொம்பளை பத்து விரலாலும் பார்க்குறா" என்பான். முன்பு அப்பனோடு சேர்ந்து மருமகனைப் பார்த்துச் சிரித்தவன் இப்போது மகளிடம் "சேச்சி" என்று மரியாதையாகச் சாவியைக் கொடுப்பான். ஆசான் நாற்காலியில் உட்கார்ந்து அதையும் பார்த்தார். இருபது வருஷம் முன்னால் வாசலோடு நிறுத்திய மகளை வேண்டாமென்று சொல்ல இப்போது அவரிடம் வார்த்தை இல்லை. வேண்டுமென்று சொல்லவும் இல்லை.

சங்கனாச்சேரிக் கூட்டாளி கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறொருவனைச் சேர்த்துக்கொண்டான். ஆனாலும் "எப்ப வந்தாலும் உனக்கு இங்க வேலை இருக்கு" என்றுதான் சொன்னான்.

அடுத்த வருஷம், ஈஸ்டர் நோன்புக் காலத்தில் ஆசான் இறந்தார். தூக்கத்திலேயே. அடக்கம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் போன பிறகு, அவிராச்சன் புழுக்கிய கப்பக்கிழங்கைத் தின்றுகொண்டே மனைவியிடம் சொன்னான்: "இனி யாருக்கும் வாக்கு பாக்கி இல்ல. போலாம் ரோசக்குட்டி. கைக்கு முடிஞ்ச வேலையை அங்க செய்யறேன்."

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினாள்.

"இப்பவே போகணுமா இச்சாயா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மறுநாள் காலை என் கடைக்கு வந்து படியில் உட்கார்ந்தான். நான் கட்டன் டீ போட்டுக் கொடுத்தேன். இடக்கையால் வாங்கிக்கொண்டான்.

"அவளைக் குத்தம் சொல்ல முடியல அண்ணாச்சி. சின்ன வயசுலேருந்து அவ கேட்டது இதைத்தான். இப்பத்தான் கிடைச்சிருக்கு. சங்கனாச்சேரியில யாரு ஒரு பொம்பளைக்கு வண்டியை விடுவாங்க? இங்க எல்லாருக்கும் அவளைத் தெரியும், அவ அப்பனைத் தெரியும். வான்னு நான் இழுத்தா வருவா. வந்து அடுப்படியில நிப்பா. என்னால இழுக்க முடியுமா?"

"அப்ப நீ?"

"நான் மொதல்ல அப்பனுக்கு மாப்ள. இப்ப மகளுக்கு மாப்ள." சிரித்தான். சிரிப்பு முடியும் முன்பே கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றும் இல்லை. இரவில் அவள்தான் அவன் விரல் முனைகளுக்கு எண்ணெய் தடவுவாள். குளிர் நாளில் அந்த இல்லாத கணுக்கள் அவனுக்கு வலிக்கும். ஆனால் அவன் ஒரு பெல்ட்டை இடக்கையால் மெல்லக் கட்டி முடித்தால், அவள் தற்செயலாக வருவதுபோல் வந்து, தற்செயலாகக் கட்டைவிரலை வைப்பாள். அப்பனைப் போல அவிழ்க்க மாட்டாள். வைத்துவிட்டு எடுத்துவிடுவாள். அவள் அதைத் தெரிந்து செய்கிறாளா என்று எனக்குச் சந்தேகம்தான். அவன் மட்டும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்கிறான்.

வருஷத்துக்கு ஒரு தடவை, வள்ளப் போட்டி சமயத்தில், அவன் ஊருக்குப் போய்வருவான். இந்த வருஷமும் போவதாக இருந்தது. ரோசக்குட்டி வாழைக்காய் வறுவல் ஒரு பொட்டலமும், தன் கையால் மிளகு ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்து, "ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. பட்டறையை நான் பார்த்துக்குறேன்" என்று அனுப்பினாள். அவன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பையோடு என் கடையைத் தாண்டிப் போனான். கை காட்டினான். நானும் காட்டினேன்.

நான் ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டி முடிப்பதற்குள் அவன் திரும்பி மேடேறி வந்தான். பை தோளிலேயே இருந்தது.

"என்னாச்சு? பஸ் போயிருச்சா?"

"இல்ல, நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. ஸ்டாண்டுல தேவஸ்யா வந்தான். அவன் வண்டியில தண்ணி பம்பு பக்கம் பேரிங்கு தேய்ஞ்ச மாதிரி ஏதோ சத்தம் கேக்குதாம். அவ ஒருத்தியா அந்தப் பம்பைக் கழட்ட முடியாது, பிடிக்க ஒரு ஆளு வேணும்." சொல்லிக்கொண்டே அவன் நிற்காமல் பட்டறைப் பக்கம் திரும்பினான். "அடுத்த பஸ்ல போய்க்கலாம்" என்றான்.

அடுத்த பஸ் போகும் சத்தம் கேட்டபோது நான் எட்டிப் பார்த்தேன். பை பட்டறை ஆணியில் தொங்கியது. அவன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்திருந்தான். ரோசக்குட்டி மேலிருந்து, "இன்னும் கொஞ்சம் தூக்குங்க இச்சாயா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.